நோயாளிகள் உள்ளே, கட்டுமானம் பக்கத்தில்: இயங்கும் மருத்துவமனையில் புதிய சிகிச்சைக் கட்டடம் எழுப்ப முழுமையான வழிகாட்டி

இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனை வளாகத்தில் புதிய பிளாக் கட்டும்போதும் தூண், பீம், ஸ்லாப் எல்லாம் மற்ற இடங்களைப் போலத்தான் எழும்பும். ஆபத்து இருப்பது ஒட்டும் இடங்களில். பழைய ஆக்சிஜன் லைனில் புதிய கிளை சேரும் இரவு, பழைய மின் பேனலில் புதிய கேபிள் ஏறும் அரை மணி நேரம், பழைய தாழ்வாரத்தின் சுவரை உடைத்து வழி திறக்கும் நாள். மொத்த வேலையில் இந்த நேரங்கள் நூற்றில் ஒரு பங்குகூட வராது. திட்டமிடும் உழைப்பில் பாதி இவற்றுக்கே போக வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. கான்கிரீட் போடுவது பற்றி இதில் அதிகம் இல்லை.

1. பழைய வரைபடத்தை நம்பாதீர்கள்

எந்தப் பழைய மருத்துவமனையிலும் தரைக்கு அடியில் ஓடும் லைன்கள் வரைபடத்தில் உள்ளபடி இருப்பதில்லை. அவசரத்துக்கு இழுத்த கேபிள், கைவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆனால் இன்னும் உயிரோடு இருக்கும் குழாய், யாரோ மாற்றிப் போட்ட வால்வு என எல்லாம் கிடக்கும். முதலில் தரை ஊடுருவும் ரேடார், கேபிள் கண்டறியும் கருவி இரண்டாலும் மனை முழுவதையும் பாருங்கள். பிறகு பைலிங் (அஸ்திவாரத்துக்கு மண்ணில் ஆழமாக இறக்கும் தூண்கள்) வரும் ஒவ்வொரு வரிசையிலும், சர்வீஸ் லைன் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் கையால் சோதனைக் குழி தோண்டுங்கள். ரேடாரில் பிளாஸ்டிக் குழாய் சரியாகத் தெரியாமல் போகலாம். ஈரக் களிமண்ணில் எதுவுமே தெளிவாகத் தெரியாது. ஆகவே ஜேசிபியை இறக்குமுன் மண்வெட்டி இறங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் வால்வுகளுக்கும் இதே கதை. பத்து வருடம் திருகாத வால்வு, மூடச் சொன்னால் மூடாது, மூடினால் திறக்காது. இணைப்பு வேலைக்குக் குறைந்தது 2 மாதம் முன்பே, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வால்வையும், பிரேக்கரையும் அந்தந்த வார்டுக்குச் சொல்லிவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எந்த வால்வை மூடினால் எந்த அறை நிற்கிறது என்பதை அறை எண்ணோடு எழுதி, வால்விலேயே தகடு மாட்டுங்கள். ஷட்டவுன் இரவில், அதாவது இணைப்புக்காக லைனை நிறுத்தும் இரவில், வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடும்.

2. வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு

கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர், மருத்துவமனையின் பராமரிப்புத் துறை, தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், பாதிக்கப்படும் வார்டின் பொறுப்பாளர், பாதுகாப்பு அதிகாரி ஆகிய ஐவரும் தினமும் காலையில் 15 நிமிடம் நின்றபடியே பேச வேண்டும். இன்று எங்கே உடைக்கிறோம், எந்த வழி அடைபடுகிறது, இரவு என்ன ஷட்டவுன் என்ற மூன்று கேள்விகள் போதும். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸுக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தும் உரிமை உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நிறுத்தியதால் வரும் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும். யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

3. கட்டங்களும் வழிகளும் தள மட்டமும்

புதிய கட்டடத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய ஏற்பாட்டு வேலைகளைத் தனிக் கட்டமாகப் பிரியுங்கள்: குறுக்கே வரும் லைன்களை மாற்றுவது, ஆம்புலன்ஸுக்கு மாற்று வழி, இடிக்கப்போகும் பகுதியில் உள்ள பிரிவுகளுக்குத் தற்காலிக இடம். ஆம்புலன்ஸ் வழியும் தீயணைப்பு வண்டி வழியும் கான்கிரீட் லாரி வழியும் ஒன்றாகக் கூடாது. மூன்றும் ஒரே கேட்டில் வந்தால், கான்கிரீட் போடும் நாளில் நிச்சயமாக மாட்டிக்கொள்வீர்கள்.

பலரும் தாமதமாகக் கண்டுபிடிக்கும் விஷயம் தள உயரம். பழைய கட்டடத்தில் தளத்துக்குத் தளம் 3.4 மீட்டர் இருக்கலாம். ஆபரேஷன் தியேட்டருக்கு மேலே டக்ட் (ஏசி காற்று போகும் பெரிய குழாய்) ஓட வேண்டும் என்பதால் புதியதில் 4.3 மீட்டர் தேவைப்படலாம். தரைத் தளம் சமமாக இருந்தாலும் முதல் தளத்தில் 0.9 மீட்டர், இரண்டாம் தளத்தில் 1.8, மூன்றாம் தளத்தில் 2.7 மீட்டர் வித்தியாசம் விழும். கட்டில் தள்ளும் சாய்தளம் 1:20 என்று வைத்தால் மூன்றாம் தளத்தில் 54 மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு இடம் இருக்காது. ஆகவே எந்த ஒரு தளத்தில் இணைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்து, ஐசியுவும் தியேட்டரும் அந்தத் தளத்தில் வருமாறு மற்றவற்றை அடுக்குங்கள். இணைப்புப் பாலத்தை இரு கட்டடங்களிலும் இறுக்கிக் கட்டாதீர்கள். புதிய கட்டடம் சில வருடம் அமுங்கும், பழையது அமுங்கி முடிந்திருக்கும். நடுவில் அசைவு இணைப்பு கட்டாயம். அதன் மேல் மூடி, கட்டிலின் சக்கரம் தட்டாத வகையில் தரையோடு தரையாக இருக்க வேண்டும்.

கட்டில்கள் எதிரெதிரே போகும் தாழ்வாரம் 2.4 மீட்டர், கட்டில் போகும் கதவின் நிகர அகலம் 1.2 மீட்டர் என்று பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் ஐசியு அறையையும் ஒரு வார்டு அறையையும் பிளைவுட்டில் முழு அளவில் செய்து வைத்து, உண்மையான கட்டில், வென்டிலேட்டர், டிராலி ஆகியவற்றோடு நர்ஸ்களை உள்ளே வேலை செய்யச் சொல்லுங்கள். சிங்க் தவறான பக்கத்தில் இருப்பது வரைபடத்தில் கண்ணில் படாது. பிளைவுட்டில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

4. தூசு

கட்டுமானத் தூசு மற்ற இடங்களில் தொல்லை. இங்கே அது உயிரைப் பறிக்கும். மண்ணிலும், பழைய ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும், நனைந்த ஜிப்சம் பலகையிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும். அதன் வித்துகள் ஏறத்தாழ 2 முதல் 3.5 மைக்ரான் அளவே. காற்றில் நெடுநேரம் மிதக்கும், நுரையீரலின் ஆழம் வரை போகும். ஆரோக்கியமானவர் தினமும் சுவாசித்துவிட்டு நடமாடுகிறார். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் இருப்பவர், கீமோதெரபியால் வெள்ளணுக்கள் இறங்கியவர் ஆகியோருக்கு அதே காற்று நுரையீரல் தொற்றாக மாறும்.

வேலை தொடங்குமுன் தொற்று அபாய மதிப்பீட்டு அட்டவணை போடுங்கள். ஒரு பக்கம் வேலையின் தன்மை: பார்வையிடுவது, சிறு துளையிடுவது, சுவர் அறுப்பது, பெரிய இடிப்பு என நான்கு வகை. மறுபக்கம் பக்கத்தில் இருக்கும் நோயாளிகளின் பலவீனம்: அலுவலகப் பகுதி தொடங்கி ஐசியு, புற்றுநோய் வார்டு, தியேட்டர் வரை நான்கு நிலை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எந்த அளவுத் தடுப்பு என்று வரும். பக்கத்து அறையை மட்டும் பார்த்தால் போதாது. மேல்தளம், கீழ்த்தளம், நாலு பக்கம் என ஆறு திசையும் பார்க்க வேண்டும். குழாய் போகும் ஓட்டை வழியாகத் தூசு மேல்தள ஐசியுவுக்கு ஏறிவிடும்.

உள்ளே உடைக்கும் இடத்தின் தடுப்பு ஸ்லாப் முதல் ஸ்லாப் வரை இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் வரை நிறுத்தினால் தூசு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். பிளாஸ்டிக் ஷீட் ஒருநாள் வேலைக்கு மட்டும்; வாரக்கணக்கில் என்றால் தீயைத் தாங்கும் ஜிப்சம் தடுப்பு, விளிம்பெல்லாம் சீலன்ட். உள்ளே போக இரு கதவுள்ள முன்னறை, ஒட்டும் பாய், வெளியே வருமுன் ஆடையில் உள்ள தூசை உறிஞ்ச, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவம். சாதாரண வேக்குவம் தூசை எடுத்து, நுண்ணியதைப் பின்பக்கம் வெளியே ஊதும்.

வேலைப் பகுதி பக்கத்து அறையைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் குறைந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும். அளவை இப்படிக் கணக்கிடலாம்: அறை 6 × 5 × 3 மீட்டர், அதாவது 90 கன மீட்டர். மணிக்கு 12 முறை காற்று மாற 1,080 கன மீட்டர் தேவை. வடிகட்டி அடைய அடைய ஓட்டம் குறையும் என்பதால் 25 சதவீதம் கூட்டி, 1,350 கன மீட்டர் திறனுள்ள ஹெப்பா இயந்திரம் வையுங்கள். காற்றை வெளிச்சுவர் வழியாக வெளியேற்றுங்கள், மருத்துவமனையின் ரிட்டர்ன் டக்டில் (அறைக் காற்றை ஏசிக்குத் திரும்ப எடுத்துப்போவது) விடாதீர்கள். தடுப்புக்கு உள்ளே இருக்கும் சப்ளை, ரிட்டர்ன் டக்ட் வாய்கள் இரண்டையும் மூடுங்கள். சப்ளையை மறந்தால் அறை குறைந்த அழுத்தத்துக்கே வராது. அழுத்தமானியை வெளிப்பக்கம், எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். இரவில் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி மொபைல் சார்ஜ் போடுவது எல்லா சைட்டிலும் நடக்கும். பிளக் பாயின்ட்டைப் பூட்டிவிடுங்கள்.

வெளியே, பூஞ்சை வித்துகள் அதிகம் கிளம்புவது இடிப்பிலும் மண் தோண்டும் வாரங்களிலும். தண்ணீர் தெளித்தபடியே உடையுங்கள், லாரிகளை மூடி அனுப்புங்கள், சக்கரம் கழுவும் தொட்டி வையுங்கள். அந்தப் பக்கத்து ஜன்னல்களை வேலை முடியும் வரை சீல் செய்யுங்கள். காற்று எடுக்கும் வாய்களில் முன்வடிகட்டியை வழக்கமான தேதிக்குக் காத்திராமல் அழுத்த வேறுபாடு பார்த்து மாற்றுங்கள். வேலை தொடங்க 2 வாரம் முன்பே துகள் எண்ணும் கருவியால் பலவீனமான நோயாளிகள் உள்ள ஒவ்வொரு வார்டிலும் அளந்து வைத்தால்தான், பிறகு கூடியதா என்று சொல்ல முடியும். அடிப்படை அளவு இல்லாத அளவீடு வாதத்துக்குத்தான் உதவும்.

5. அதிர்வு, சத்தம், கிரேன்

அடித்து இறக்கும் பைல் வேண்டாம், துளையிட்டு நிரப்பும் பைல் போதும். கண் அறுவை, மூளை அறுவை, நுண்ணோக்கி வேலை நடக்கும் நேரங்களைக் கேட்டு அட்டவணையில் குறியுங்கள். எம்ஆர்ஐ பக்கத்தில் கிரேன், லாரி போன்ற பெரிய இரும்பு நகர்ந்தால் காந்தப்புலம் கலங்கிப் படம் கெடும். எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதை இயந்திரம் செய்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஹெலிபேட் இருந்தால் கிரேனை நிறுத்துமுன் விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதி, கிரேன் கையின் நுனியில் சிவப்பு விளக்கு. ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே சுமை போகவே கூடாது.

6. மின்சார இணைப்பு

ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் ஒரே பக்கத்தில் ஒரு தாள். என்ன நிற்கும், எந்த அறைகள், எத்தனை நிமிடம், மாற்று ஏற்பாடு என்ன, திரும்பக் கொடுப்பது எப்படி, எந்த நேரத்துக்கு மேல் போனால் வேலையைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவது. கடைசி வரிதான் முக்கியம். அதிகாலை 2 மணிக்குத் தொடங்கும் வேலைக்கு "3.15க்கு இணைப்பை முடிக்கத் தயாராக இல்லாவிட்டால் பழைய கேபிளைத் திரும்ப மாட்டு" என்று முன்கூட்டி எழுதாவிட்டால், களைத்துப்போனவர்கள் "இன்னும் பத்து நிமிடம்" என்றே விடியும் வரை ஓட்டுவார்கள். சிறிய ஷட்டவுனுக்கு 2 வாரம், பெரியதற்கு 6 வாரம் முன்னறிவிப்பு நியாயமானது.

அன்று இரவு வென்டிலேட்டர்களின் பேட்டரியை ஒவ்வொன்றாகச் சோதித்திருக்க வேண்டும். ஜெனரேட்டர், உயிர்காக்கும் சுற்றுக்கு 10 வினாடிக்குள் மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்த 10 வினாடியைக் கடத்துவது யூபிஎஸ். இரண்டையும் அதே வாரம் உண்மையான லோடில் ஓட்டிப் பாருங்கள். சும்மா ஓடும் ஜெனரேட்டர் எப்போதும் நன்றாகத்தான் ஓடும்.

இணைத்த பின் அடிக்கடி நடக்கும் தவறு ஃபேஸ் வரிசை, அதாவது மூன்று ஃபேஸ் கம்பிகளின் வரிசை, மாறுவது. விளக்கு எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். மோட்டார்கள் பின்னோக்கிச் சுற்றும். வாக்யூம் பம்ப் உறிஞ்சாது, ஸ்க்ரூ கம்ப்ரஸர் சில நொடியிலேயே கெடும், ஏசி விசிறி ஓடினாலும் காற்று குறையும். கழற்றுமுன் ஃபேஸ் வரிசையை அளந்து எழுதி, மாட்டிய பின் அதே கருவியால் அளந்து, பிறகே ஆன் செய்ய வேண்டும். ஜெனரேட்டர் பக்கமும் தனியாக அளக்க வேண்டும். அதை மறந்தால் தவறு சில மாதம் கழித்து, உண்மையிலேயே கரண்ட் போகும் நாளில் வெளிப்படும்.

7. ஆக்சிஜனும் மற்ற வாயுக்களும்

2016இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், பேங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் இருவருக்கு ஆக்சிஜன் என்று நினைத்து, மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கொடுக்கப்பட்டது. ஒரு குழந்தை இறந்தது, மற்றொன்றுக்குக் கடும் பாதிப்பு. காரணம், முந்தைய ஆண்டு தியேட்டரில் செய்த புதிய குழாய் வேலையில் லைன்கள் மாறி இணைந்ததும், ஒப்படைக்கும் சோதனை அதைப் பிடிக்காமல் விட்டதும். ஆக்சிஜன் லைன் வேலையில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வரிசை இது. ஆக்சிஜனுக்கென எண்ணெய்ப் பசை நீக்கி, இரு முனையும் மூடி வந்த செம்புக் குழாய் மட்டும். மூடி இல்லாமல் கிடந்த துண்டைத் திருப்பி அனுப்புங்கள். பிரேசிங் (குழாய்களை உலோகம் உருக்கி ஒட்டுவது) செய்யும் நேரம் முழுவதும், குழாய் ஆறும் வரை, உள்ளே நைட்ரஜன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் உள்சுவரில் கறுப்பு ஆக்சைடு படிந்து, பிறகு உதிர்ந்து, வென்டிலேட்டரின் வடிகட்டியை அடைக்கும். முதல் சில மூட்டுகளை வெட்டி உள்ளே பாருங்கள். பளபளப்பாக இருந்தால் வேலை சரி, கறுப்பாக இருந்தால் அந்த நாள் வேலை முழுவதையும் அறுத்து எடுங்கள்.

ஒவ்வொரு லைனிலும் வாயுவின் பெயரும் ஓட்டத் திசையும் குழாய் போடும்போதே ஒட்ட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு அல்ல. ஒட்டுபவர் குழாயின் நிறத்தைப் பார்த்து ஒட்டினால் தவறும் அப்படியே தொடரும். அடுத்து, 24 மணி நேர அழுத்தச் சோதனை. வெப்பநிலை மாற்றத்துக்குத் திருத்தம் போட்டுப் பாருங்கள், இரவில் குளிர்ந்தாலே அழுத்தம் சற்று இறங்கும்.

குறுக்கு இணைப்புச் சோதனைதான் உயிர்நாடி. ஒரு வாயுவை மட்டும் அழுத்தத்தில் வைத்து, மற்ற எல்லா லைன்களையும் வெறுமையாக்கி, கட்டடத்தின் எல்லா அவுட்லெட்களையும் (சுவரில் வாயு எடுக்கும் வாய்கள்) ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அந்த வாயுவின் அவுட்லெட்டில் மட்டும் வர வேண்டும். பிறகு அடுத்த வாயு. கடைசியில், உண்மையான வாயு நிரப்பிய பின், ஒவ்வொரு அவுட்லெட்டிலும் ஆக்சிஜன் பகுப்பாய்வுக் கருவியால் அளக்க வேண்டும். எல்லா லைனிலும் நைட்ரஜன் இருக்கும்போது செய்த சோதனை வாயுவை அடையாளம் காட்டாது. குழாய் போட்டவர் சோதிக்கக் கூடாது; தனியான சோதனையாளர் அளக்க, ஒரு மயக்க மருத்துவரோ மருந்தாளுநரோ பக்கத்தில் நின்று எண்ணைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். பழைய லைனை வெட்டி இணைத்திருந்தால் பழைய பக்க அவுட்லெட்களும் இதே சோதனைக்கு வரும். அங்கேதான் பலரும் சோம்புகிறார்கள்.

வெட்டும் இரவில் பாதிக்கப்படும் ஒவ்வொரு படுக்கையிலும் ரெகுலேட்டரோடு சிலிண்டர் நிற்க வேண்டும். சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும் என்பதை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று வைத்துக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும் நோயாளிக்கு 1,500 லிட்டர் சிலிண்டர் இரண்டரை மணி நேரம்தான்.

8. தண்ணீர்

நிற்கும் தண்ணீரில் 20 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். குழாய் வாய்களிலும் சிங்க் வடிகாலிலும் சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா குடியேறும். புதிய கட்டடங்கள் இதில் மாட்டுவது ஒரே காரணத்தால்: பிளம்பர் கசிவு பார்க்கத் தண்ணீர் நிரப்புகிறார், கட்டடம் திறக்க எட்டு மாதம் ஆகிறது. முதல் கசிவுச் சோதனையைக் காற்றில் குறைந்த அழுத்தத்தில் முடித்துவிட்டு, தண்ணீர் நிரப்புவதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். நிரப்பிய நாள்முதல் கட்டடம் இயங்குவதாகவே கருதி, எல்லாக் குழாய்களையும் வாரம் இருமுறையாவது திறந்து ஓட்டி, தேதியோடு பதிவு செய்யுங்கள்.

திறக்குமுன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கலந்து 1 மணி நேரம் நிறுத்துங்கள். முடிவில் ஏதாவது ஒரு குழாயில் 30 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கியிருந்தால் மறுபடியும். பிறகு கழுவி, மாதிரி எடுத்து, முடிவு வந்த பின்பே நோயாளிகள். வெந்நீர் தொட்டியில் 60 டிகிரி, தொலைவான குழாயில் 1 நிமிடத்துக்குள் 55 டிகிரி வர வேண்டும். வெயில் பிரதேசங்களில் குளிர்நீரை 20க்குக் கீழே வைக்க முடியாது. அங்கே ஓட்டமும் குளோரினுமே காவல். குளோரின் ஊற்றும் நாளில் டயாலிசிஸ் பிரிவின் லைன் பிரிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். டயாலிசிஸ் நீரில் குளோரின் கலந்தால் ரத்த அணுக்கள் சிதையும்.

9. தீ

வெல்டிங், கட்டிங் எதற்கும் அன்றன்றைக்கு அனுமதிச் சீட்டு. வேலை முடிந்த பின்னும் குறைந்தது 1 மணி நேரம் ஒருவர் காவல். தூசுக்காகப் புகை உணரிகளுக்கு மாட்டும் மூடிகளை எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்குங்கள். அடைத்த வெளியேறும் வழிக்கு மாற்று வழியைக் காகிதத்தில் மட்டும் காட்டாமல், இரவு ஷிப்ட் ஆட்களோடு ஒருமுறை கட்டிலைத் தள்ளிப் பாருங்கள்.

10. சோதனையும் ஒப்படைப்பும்

2019 ஜூலையில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், புதிய குழந்தைகள் மருத்துவமனைக்குக் குடிபெயர்வது சில நாளே இருக்கும்போது நிறுத்தப்பட்டது. தீவிர சிகிச்சை அறைகளில் மணிக்கு 10 முறை மாற வேண்டிய காற்று, 4 முறை மாறும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. வேர் எங்கே என்று தேடினால், பல வருடம் முன்பு தயாரித்த அறைவாரி அட்டவணைக் கோப்பில் ஒரு தவறான எண். அந்த எண்ணுக்கு ஏற்பத்தான் எல்லோரும் கட்டினார்கள். ஆகவே ஒவ்வொரு அறைக்கும் காற்று மாற்றம், அழுத்தம், வெப்பநிலை, அவுட்லெட் எண்ணிக்கை எழுதிய தாளை வடிவமைப்பு நாளிலேயே தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு மூல விதிநூலோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். கட்டி முடித்த பின் வடிவமைப்பு எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் இந்த வகைத் தவறு என்றுமே சிக்காது.

எக்ஸ்ரே அறையில் ஈயப் பலகைக்கு இடையிலும், சுவிட்ச் பெட்டி பதித்த இடத்துக்குப் பின்னாலும் கதிர் கசியும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி கருவியால் அளக்கும் வரை பெயின்ட் அடிக்க விடாதீர்கள். பிறகு கடைசிப் பெரிய சோதனை: எல்லா அமைப்பும் ஓடும்போது மெயின் சப்ளையை நிஜமாகவே நிறுத்துங்கள். ஜெனரேட்டர் வருகிறதா, கதவுப் பூட்டுகள் என்ன செய்கின்றன, லிப்ட் எங்கே நிற்கிறது, மின்சாரம் வந்ததும் தியேட்டர் ஏசி தானாக எழுகிறதா, நர்ஸ் அழைப்பு மணி அடிக்கிறதா என எல்லா அறையிலும் ஆள் நிறுத்திப் பாருங்கள். காலியான கட்டடத்தில் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

11. குடிபெயர்வு

ஒரு வாரம் முன்பு முழு ஒத்திகை: காலியான கட்டிலில் எடை வைத்து, வென்டிலேட்டர் மாட்டி, லிப்டில் ஏற்றி, நேரம் அளந்து பாருங்கள். ஒரு ஐசியு நோயாளிக்கு ஆகும் நேரத்தை வைத்தே நாள் அட்டவணை. குடிபெயரும் நாளில் பழைய, புதிய இரண்டு இடத்திலும் முழு ஆட்கள் வேண்டும். அன்று அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் வேண்டாம். பிளம்பர், எலக்ட்ரீஷியன், வாயு டெக்னீஷியன், நெட்வொர்க் ஆள் ஆகியோர் முதல் 3 இரவும் புதிய கட்டடத்திலேயே தங்க வேண்டும்.

காலியான பழைய வார்டை அப்படியே பூட்டிப் போகாதீர்கள். அங்கே போகும் தண்ணீர்க் கிளையை வார்டு வாசலில் மூடினால், மெயினிலிருந்து வாசல் வரை உள்ள துண்டில் தண்ணீர் தேங்கி, அதில் வளர்வது மெயின் வழியாக மற்ற வார்டுகளுக்கும் போகும். கிளையை மெயின் குழாய் ஓரத்திலேயே வெட்டி மூடுங்கள். ஆக்சிஜன் கிளையையும் அதே போல வெட்டி மூடி, வரைபடத்தில் அன்றே குறியுங்கள்.